தோட்டத்துப் பட்டறையில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள்: லோபாக் வட்டாரத்தின் எழுதப்படாத கைத்தொழில்

இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, எடை குறைந்த உடல், சாதாரணக் குடும்பக் காரிலிருந்து எடுத்து விசை கூட்டிய எஞ்சின் ஆகியவற்றைக் கொண்ட எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி முதலிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை அவற்றின் உரிமையாளரே வீட்டில் வைத்துப் பழுது பார்த்துப் பேணும் வழக்கம், போருக்குப் பிந்தைய இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துக்குரிய பொழுதுபோக்காகவே மோட்டார் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அந்த வரலாற்றில் வண்டியை வைத்திருந்தவரும் அதன் அடியில் படுத்து மரையைத் திருகியவரும் ஒருவரே. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலோ இவ்விருவரும் வெவ்வேறு ஆட்கள்: வண்டி துரையுடையது, அதாவது தோட்ட நிர்வாகியுடையது; அதன் எஞ்சின் எந்த ஒலியில் நலமாக இருக்கிறது, எந்த ஒலியில் கெட்டிருக்கிறது என்பதை அறிந்த காது பெரும்பாலும் தமிழ் டிரைவருடையது அல்லது பட்டறைக்காரருடையது. சிரம்பான் நகரை ஒட்டிய லோபாக் போன்ற தமிழர் குடியிருப்புகளின் தொழில் வரலாற்றை எழுத முனைவோர் இந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் இந்தக் கார்களின் பராமரிப்பைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை வைத்திருந்தோரின் வரலாறாகவே இருக்கின்றன. பேணியோரின் வரலாறு எழுத்துக்கு வரவில்லை.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையிலான ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டபோது அப்பகுதியின் முதன்மைப் பொருள் வெள்ளீயமாகவே இருந்தது. 1896இல் நெகிரி செம்பிலான் கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றானதற்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. 1910ஆம் ஆண்டின் பெருவிலை ஏற்றம் காடுகளைத் தோட்டங்களாக்கியது. கங்காணி முறையில், அதாவது தோட்டத் தலைமைத் தொழிலாளியே தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வரும் முறையில், தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பால்மரம் வெட்ட வந்தனர். தோட்டங்களை நகரத்தோடு இணைத்த சாலைகளுக்குக் கல் பரப்பிச் செப்பனிட்ட பொதுப்பணித் துறைக் குழுக்களிலும் தமிழரே மிகுதி. ஆக, கார் வருவதற்கு முன்பே அது ஓட வேண்டிய பாதை தமிழர் உழைப்பால் அமைந்துவிட்டது. அந்தப் பாதைகள் எளியவையும் அல்ல: சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் வழியில் உள்ள புக்கிட் புத்துஸ் கணவாயும், ஜெலுபு செல்லும் வழியில் உள்ள மலையேற்றமும் கொண்டையூசி வளைவுகள் நிறைந்தவை. ஏறும்போது ரேடியேட்டர் கொதிப்பதும் இறங்கும்போது பிரேக் சூடேறித் தளர்வதும் அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் தேர்வாக அமைந்தன.

ரப்பருக்கும் இந்தக் கார்களுக்கும் உள்ள உறவு பெயரளவிலானது அன்று. பர்மிங்ஹாமில் பெருந்தொழிற்சாலை வைத்திருந்த டன்லப் நிறுவனம் மலாயாவில் தனக்கென்றே பெரும் தோட்டங்களை நடத்தியது. அவற்றுள் சில நெகிரி செம்பிலானில் பஹாவ் வட்டாரத்தில் இருந்தன. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் விடியுமுன் எழுந்து வெட்டி எடுத்த பால், அமிலத்தில் உறைந்து, உருளைகளில் நசுங்கி, புகைக்கூடத்தில் காய்ந்த தாள்களாகக் கப்பலேறிச் சென்று, டயராகவும் பிரேக் குழாயாகவும் கண்ணாடி விளிம்பாகவும் மாறி, முழு வண்டியின் உறுப்பாக மீண்டும் அதே துறைமுகங்களில் வந்து இறங்கியது. பால் வெட்டியவரின் கூலிக்கும் திரும்பி வந்த வண்டியின் விலைக்கும் இடையே கிடந்த தூரத்தைக் கடக்க, அந்தத் தலைமுறைத் தமிழருக்குக் கிடைத்த மிகச் சில வழிகளில் ஒன்று ஸ்பானர் பிடிக்கக் கற்பது.

அந்தக் கல்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு மூலங்களைச் சுட்டலாம். ஒன்று, தோட்டத்து ரப்பர்ச் சாலை, அதாவது ரப்பர்த் தொழிற்சாலை. உருளை எந்திரங்களை இயக்கிய பிரிட்டிஷ் டீசல் எஞ்சின்களுக்கு எண்ணெயிட்டு, தேய்ந்த தாங்கிகளை மாற்றி, வால்வுகளை அரைத்துப் பொருத்தியோர் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்து கண் பார்த்துக் கை பழகியவர்கள். மற்றொன்று, கோலாலம்பூரின் செந்தூலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த ரயில்வே மத்தியப் பட்டறை. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் பெருமளவில் பணிபுரிந்த அந்தப் பட்டறை, கடைசல், வார்ப்பு, இணைப்பு ஆகிய தொழில்களில் தேர்ந்தோரை உருவாக்கியது. கார் பட்டறை இவ்விரண்டுக்கும் பின்னரே பிறந்தது. நீராவி எஞ்சினிலும் டீசல் எஞ்சினிலும் பழகிய கைகளுக்குச் சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின் புதிராக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதன் நுண்ணளவுகள்தான் புதியவை.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொடர்ச்சியை அறுத்தது. ஜப்பானியர் ஆட்சியில் தனியார் வண்டிகள் பறிமுதலாயின. பெட்ரோல் அற்றுப்போன நிலையில் கரியை எரித்து எடுத்த வாயுவிலும், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயிலும் லாரிகள் ஓடின. அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். எந்தத் தொழிலின் வரலாற்றை எழுதினாலும், அத்தொழிலைத் தொடர்ந்திருக்கக்கூடிய ஒரு தலைமுறையின் பெரும்பகுதி அங்கே முடிந்துபோனது என்பதை மலாயாத் தமிழர் வரலாறு விட்டுவிட முடியாது.

போர் முடிந்த பின் பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது; ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே எஃகு ஒதுக்கப்பட்டதால் அந்நாட்டுக் கார்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. கார், வலப்பக்க ஸ்டீயரிங் அமைப்பில் மட்டுமே வந்தது; அமெரிக்கருக்கு அது இடையூறு, இடப்பக்கம் ஓட்டும் மலாயாவுக்கு அது இயல்பு. அதைத் தொடர்ந்து 1953இல் டிரையம்ஃப் டி.ஆர்.2, 1955இல் எம்.ஜி.ஏ., 1958இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், 1962இல் எம்.ஜி.பி. ஆகியவை வெளிவந்தன. 1954இல் நடந்த முதல் மக்காவ் கிராண்ட் பிரி பந்தயத்தை டி.ஆர்.2 வென்றது, இத்தகைய வண்டிகளுக்குக் கீழ்த்திசையில் இருந்த மதிப்புக்குச் சான்று. ஆயினும் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின் போது, அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த போர்க்காலத்தில், தோட்டச் சாலைகளில் திறந்த கார் ஓட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே தம் ரோல்ஸ் ராய்ஸ் காரில் செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் தோட்டப் பட்டறைகளின் முதன்மை வேலை துரைமாரின் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பற்றவைப்பது. பற்றவைப்புக் கலை தோட்டத்துத் தமிழ் இளைஞரிடையே பரவியதற்கு இந்தக் கசப்பான தேவையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

ஸ்போர்ட்ஸ் கார் எண்ணிக்கையில் எப்போதும் சிறுபான்மைதான். ஆனால் அதைப் பேணுவது தனித் தொழிலாக இல்லாமல் பொதுத் தொழிலின் ஒரு பகுதியாகவே அமைந்ததற்கு அதன் பிறப்பு முறை காரணம். ஸ்பிரைட்டின் 948 சி.சி. எஞ்சின், மோரிஸ் மைனர் 1000 காரில் இருந்த அதே ஏ-வரிசை எஞ்சின். இரட்டைக் கார்ப்பரேட்டர் பொருத்தியதே பெரிய வேறுபாடு. எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. எஞ்சின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இருந்த பி-வரிசையைச் சேர்ந்தது. இந்தியாவின் அம்பாசடர் காரும் அதே வரிசை எஞ்சினைப் பல ஆண்டுகள் சுமந்து ஓடியது. சிரம்பானில் ஒரு கிராணி, அதாவது எழுத்தர், சிறுகச் சேர்த்து வாங்கிய மைனரைப் பழுது பார்த்துப் பழகிய கை, துரையின் ஸ்பிரைட்டை அஞ்சாமல் பிரித்ததற்கு இதுவே காரணம்.

எனினும் சில நுட்பங்களைத் தனியே கற்க வேண்டியிருந்தது. அவற்றுள் முதலாவது மரைகளின் குழப்பம். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த, 55 பாகைக் கோணம் கொண்ட மரையமைப்பே பிரிட்டிஷ் எந்திரங்களின் பொது மொழியாக இருந்தது. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகை கொண்ட ஒருங்கிணைந்த அமைப்புக்கு உடன்பட்ட பின், கார்கள் படிப்படியாக அதற்கு மாறின. விட்வொர்த் ஸ்பானரின் மீது பொறித்த அளவு போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். புதிய முறை ஸ்பானரின் அளவோ நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தைக் குறிக்கும். எனவே இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தவர் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடுவார். எம்.ஜி. டி.சி.யின் 1250 சி.சி. எஞ்சினில் நிலைமை இன்னும் விந்தையானது. அதைச் செய்த கவென்ட்ரி ஆலை முதலில் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனத்துடையது. 1923இல் மோரிஸ் அதை வாங்கியபோது பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டும் எந்திரங்களும் சேர்ந்தே வந்தன. ஆகவே அந்த எஞ்சினின் போல்ட்டுகளுக்குத் தலை விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்தும், தண்டின் மரையோ மெட்ரிக். தலையை நம்பிக் கடையில் விட்வொர்த் போல்ட்டு வாங்கித் திருகினால் எஞ்சின் உடலின் மரையே கெட்டுவிடும். எழுத்தில் எளிதில் கிடைக்காத இத்தகைய செய்திகள் பட்டறையில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வாய்மொழியாகவே சென்றன.

இரண்டாவது, எஸ்.யு. கார்ப்பரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்ப்பரேட்டர். ஸ்கின்னர் குடும்பத்தாரின் பெயரைத் தாங்கிய இவ்வகையில், எஞ்சின் இழுக்கும் காற்றின் வலிமைக்கேற்ப ஒரு பிஸ்டன் மேலெழ, அதனோடு பிணைந்த கூம்பு ஊசி ஜெட் துளையிலிருந்து விலகி எரிபொருளுக்கு வழிவிடுகிறது. பிஸ்டன் துள்ளாமல் இருக்க மேலே உள்ள சிறு குடுவையில் மெல்லிய எஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டும். கலவையைச் சரிபார்க்க எந்த அளவுகருவியும் தேவையில்லை: எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிஸ்டனை ஏறக்குறைய அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் உடனே தளர்ந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் மட்டும் கூடித் தணிந்தால் கலவை சரி. இரட்டைக் கார்ப்பரேட்டர்களின் காற்றோட்டத்தைச் சமப்படுத்த, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு காற்றுவாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை திருகைச் சரிசெய்வார்கள். நாதசுரத்துக்கு ஒத்து சேர்ப்பது போன்ற இந்தச் செவிப்பயிற்சி படிப்பறிவைக் கோரவில்லை; பள்ளி வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் இந்தத் தொழிலில் தலைசிறந்து விளங்க முடிந்தது அதனால்தான்.

மூன்றாவது, தட்பவெப்பம். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த நாட்டுக்காக இந்த வண்டிகள் வடிவமைக்கப்படவில்லை. டி.சி.யின் உலோகத் தகடுகளைத் தாங்குவது ஆஷ் மரச் சட்டம். அது ஈரத்தில் உளுத்தால் பட்டறைக்காரருக்குத் தச்சரின் துணை வேண்டும். எம்.ஜி.பி.யிலோ தனிச் சட்டமே இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்புகளே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. செம்மண் சேறு அவற்றுள் தங்கி உள்ளிருந்தே துரு ஏறினால் வெளிவண்ணம் பளபளக்கும்போதே வண்டி வலுவிழந்துவிடும். கிளைக்கால் வகைப் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உருளைக்குள் துரு பிடித்தால் பிஸ்டன் இறுகிவிடும், கணவாய் இறக்கத்தில் அந்த ஈரமே கொதித்து ஆவியாகிப் பிரேக் மிதியை வெறுமையாக்கும். பழைய வண்டிகளின் பிரேக் வளையங்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. கனிம எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பயனற்றுப் போகும். ரப்பரின் குணத்தை நாள்தோறும் கண்ட தோட்டத்துக்காரருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகியிருக்காது. மின்சாரப் பகுதியில் லூகாஸ் நிறுவனத்தின் இணைப்புகள் பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பிழந்தன. 1967 வரையிலான எம்.ஜி.பி. உட்படப் பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்ததால், மற்ற நாட்டு வண்டிகளில் பழகியவர் முனை மாற்றிப் பொருத்திக் கருவிகளைக் கெடுக்கும் இடரும் இருந்தது.

இந்த அறிவு அச்சில் ஏறிய விதத்தில் தோட்ட வாழ்வுக்கு எதிர்பாராத பங்கு உண்டு. வீட்டிலேயே கார் பழுது பார்ப்போருக்கான நூல்களால் உலகப் புகழ்பெற்ற ஜான் ஹெய்ன்ஸ், 1938இல் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்ட நிர்வாகியின் மகனாகப் பிறந்தவர். பள்ளி நாளிலேயே ஆஸ்டின் செவன் காரை அடிப்படையாகக் கொண்டு சிறு பந்தய வண்டியைச் செய்த அவர், விமானப் படையில் ஏடனில் பணியாற்றியபோது உடன்பணியாளர் ஒருவரின் ஸ்பிரைட்டை முழுவதும் பிரித்துச் சேர்க்க உதவினார். நிறுவனம் வெளியிட்ட கையேடு சாதாரண உரிமையாளருக்குப் பயன்படாது எனக் கண்டு, பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்படமாக எடுத்து, 1966இல் தம் முதல் பட்டறைக் கையேட்டை வெளியிட்டார். 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் நின்ற இலங்கைத் தேயிலைத் தோட்டச் சூழலில் பிறந்தவர் ஸ்பிரைட்டுக்கு நூல் எழுதிய அதே பத்தாண்டில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அதே எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த தமிழர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இதில் ஹெய்ன்ஸின் குறை எதுவும் இல்லை. அவர் பணி பெரும் பணி. ஒருவர் கையில் கேமராவும் அச்சகத்துக்கான வழியும் இருந்தன, மற்றவர் கையில் ஸ்பானர் மட்டுமே இருந்தது என்பதே வேறுபாடு.

1957இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்ததால் தொழிலாளர் வீடும் வேலையும் ஒருசேர இழந்தனர். அதைத் தடுக்கும் நோக்கில் 1960இல் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிற்பாடு ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. 1990களில் சிரம்பானைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் சிரம்பான் 2 போன்ற புதுநகரங்களாயின. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் நகரையும் அதன் ஓரக் குடியிருப்புகளையும் நாடியபோது, நிலத்தை எடுத்துச் செல்ல முடியாதவர்கள் கைத்தொழிலை எடுத்துச் சென்றனர். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் நகரச் சந்தடியும் கைக்கெட்டும் தொலைவில் அமைந்த லோபாக் போன்ற இடங்களில், தோட்டத்துப் பட்டறை அறிவு வீட்டு முற்றத்து அறிவாக மாறியது இந்த இடப்பெயர்வின் வழியே.

ஆனால் அதற்குள் வண்டிகளே மாறத் தொடங்கியிருந்தன. 1967 முதல் மலேசியாவில் உள்நாட்டு இணைப்பு ஆலைகள் பெருக, ஜப்பானியக் கார்கள் பரவின. 1980 அக்டோபரில் எம்.ஜி.யின் அபிங்டன் ஆலை மூடப்பட்டது. 1985இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. இதே காலத்தில் தமிழ்நாட்டின் நிலை வேறாக இருந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். சென்னைக்கு அருகில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் டிரையம்ஃப் ஹெரால்டு காரைத் தயாரித்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டதே. இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் செம்புக் கலவை மூட்டுக்குக் கிரீஸ் அல்லாமல் கனத்த கியர் எண்ணெயே இட வேண்டும். தவறினால் மூட்டு தேய்ந்து சக்கரமே கழன்று விழும். பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். போன்ற ஆலைகள் உதிரிப் பாகங்களை உள்ளூரிலேயே செய்ததால் சென்னைப் பட்டறைகளுக்குப் பாகத் தட்டுப்பாடு ஓரளவு தணிந்தது. சிரம்பானில் அந்த வசதி இல்லை. பழையதைச் செப்பனிட்டு மீண்டும் பொருத்துவதே அங்கு வழி.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு உடலையும் பழைய அச்சுகளிலேயே புதிதாகச் செய்து விற்கிறது. ஊசி, வளையம், பிரேக் உருளை எதுவானாலும் கடல் கடந்து வந்துசேரும். ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதால் கெட்டிப்படுத்தாத வால்வு இருக்கைகள் தேயும் சிக்கலுக்கும் புதிய இருக்கைகள் உண்டு. பாகங்கள் கிடைக்கின்றன, அவற்றைப் பொருத்திக் காதால் சரிபார்ப்போரே அருகிவிட்டனர். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்து வருகிறது. தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத் துறைகளும் தோட்டப் பட்டறைக்காரர்களின் நினைவுகளை, அவர்கள் பயன்படுத்திய சொற்களோடும் செய்முறைகளோடும் தமிழிலேயே பதிவு செய்யும் பணியை உடனே மேற்கொள்ள வேண்டும். 1960இல் பதினைந்து வயதில் பட்டறைக்குள் உதவியாளராக நுழைந்தவர்கள் இப்போது எண்பதை எட்டிவிட்டனர்.